கைக்கு வந்த கருவியும் வகுப்பறையின் கடமையும்

(வெள்ளி விழாவின் கல்வி அரங்கில் மாலைப் பாடசாலை ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

 

இச்சங்கம் தொடங்கப்பெற்ற நாளில் மாலைப் பாடசாலைக்கென நாம் வாங்கிய பொருள்கள் ஒரு கரும்பலகை, ஒரு பெட்டிச் சுண்ணக்கட்டி, மின்சாரம் நின்றுவிட்டால் ஏற்றிவைக்க இரண்டு அரிக்கேன் விளக்குகள். அவ்விளக்குகளுள் ஒன்று இன்னமும் சங்கக் கட்டடத்தின் பரணில் கிடக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளில் விளக்கு பரணுக்குப் போயிற்று. கைப்பேசி பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. அக்கருவியைப் பொறுப்போடும் அறத்தோடும் பயன்படுத்த வகுப்பறையில் எவ்வாறு கற்பிப்பது என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்துள்ளனர்.

சென்ற வாரம் இத்தலைப்பை அறிந்த நம் பெரியவர் ஒருவர், "இதற்கு ஒரு சொற்பொழிவு எதற்கு? பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் ஆயிற்று" என்றார். அவர் இங்கே முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். எங்களுள் இருவருக்கு அகரம் எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவரே. ஆயினும் அவர் சொன்ன வழியை எங்களால் ஏற்க இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பூட்டி வைப்பது நமக்குப் புதிய வழி அன்று. எழுத்து நம் பாட்டனாருக்குப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன் வடு இன்றும் நம் மாவட்டத்தில் தெரிகிறது: 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தபோது, தருமபுரி 68.5 விழுக்காட்டோடு மாநிலத்தின் கடைசி இடத்தில் நின்றது. இந்நிலையில் அறிவு வந்து சேரும் ஒரு வாயிலை நாமே அடைப்பது தகுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் முன்னோடிகள் அவ்வாறு அடைக்கவில்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னையில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாச பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்தத் தொடங்கினார். 1920-இல் அண்ணல் அம்பேத்கர் மராத்தியில் 'மூக்நாயக்' இதழைக் கொண்டுவந்தார். அச்சு இயந்திரம் அன்றைக்கு நம் மக்களுக்கு எட்டாக் கருவி. அதில் அறிவும் அச்சாகும்; அவதூறும் அச்சாகும். அதை அறிந்தே அவர்கள் அக்கருவியைக் கைக்கொண்டனர். இங்கே இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இல்லாமல் அன்று ஓர் ஏடும் வெளிவரலாகாது என்றிருந்தது. வெள்ளை அரசு அச்சட்டத்தைக் கொண்டுவந்தது நம்மேல் கொண்ட அன்பினால் அன்று, கண்காணிக்கத்தான். ஆனால் நம் முன்னோடிகள் தம் பெயரையும் முகவரியையும் அச்சிட்டு, 'எழுதியது நாங்கள்தாம், வந்து கேளுங்கள்' என்று நின்றார்கள். வாட்ஸ்அப்பில் நாள்தோறும் வந்து விழும் செய்திகளில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் எங்கள் பாடம் தொடங்கிற்று. அதற்குப் பின்னர் வருகிறோம்.

பூட்டை நாங்கள் அஞ்சுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2012 நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளுக்கு நேர்ந்ததை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. வீடுகளோடு பிள்ளைகளின் பாடநூல்களும் சான்றிதழ்களும் எரிந்தன. அதற்குப் பின்வந்த நாள்களில், நம் இளைஞர்கள் அணியும் ஜீன்ஸும் கறுப்புக் கண்ணாடியும் மேடைகளில் குற்றப்பொருள்களாகப் பேசப்பட்டன. புதியதொரு பொருள் நம் பிள்ளை கையில் இருப்பதே சிலர் கண்ணை உறுத்துகிறது. ஆகவே 'உங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு' என்று யாரேனும் கேட்கும்போது, அது அக்கறையா, பழைய பூட்டா என்று பிரித்தறிய வேண்டிய கட்டாயம் நமக்கு இருக்கிறது.

இவ்வளவும் சொல்லியபின், பெரியவரின் அச்சம் பொய்யானது என்று நாங்கள் சொல்லமாட்டோம். கருவி வந்தது, கற்பித்தல் வரவில்லை. எப்படி வந்தது என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்டபோது, நம் பிள்ளைகள் பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பை எட்டிய பின்னரே ஒரு கருவியைத் தொட்டனர். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அந்த இருபது திங்களில், கல்வித் தொலைக்காட்சி ஒருபுறம் இருக்க, கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பே இல்லை என்றாயிற்று. பெங்களூரில் கட்டட வேலை செய்த தகப்பனும், திருப்பூரில் பின்னலாடை வேலை செய்த அண்ணனும் தவணைக் கடனில் வாங்கி அனுப்பினார்கள். ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள். அதையும் இரவில் தாய் எடுத்து, வெளியூரில் இருப்பவரோடு பேச வேண்டும். நெல் அறுக்கும் அரிவாளைக்கூடப் பிடிக்கும் முறை சொல்லித்தான் பிள்ளை கையில் கொடுப்போம். இதை ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டோம். கொடுத்தவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதே காரணம்.

தெரியாமல் கையாண்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலையில், போளூரை அடுத்த அத்திமூரில் 2018 மே 9 அன்று நடந்ததை மாலைப் பாடசாலையில் பாடமாக வைத்தோம். குலதெய்வக் கோயிலுக்கென்று சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பத்தினர் வழியில் வண்டியை நிறுத்தினர். அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தனர். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வடநாட்டிலிருந்து வந்திருப்பதாக அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே வாட்ஸ்அப்பில் செய்தி உலவிக்கொண்டிருந்தது. ஊர் திரண்டது. அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர். அச்செய்தி முழுப்பொய். அதே ஆண்டு ஜூலையில், மராட்டிய மாநிலம் துலே மாவட்டத்தில் இதே வதந்தியால் ஐவர் கொல்லப்பட்ட பின்னரே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குமேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு விதித்தது.

பாடம் முடிந்ததும் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அடித்தவர்கள் சரி, ஐயா. அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் எல்லோரும் கொலைகாரர்களா?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. பின்வரிசையில் ஒரு சிறுவன், "எங்கள் அப்பாவும் அனுப்பினார்" என்றான். அவன் தகப்பனார் மிக நல்லவர். ஊரில் யார் வீட்டுத் துன்பத்துக்கும் முதலில் போய் நிற்பவர். பிள்ளைகளின்மேல் கொண்ட அன்பினால்தான் அவர் அதை அனுப்பியிருப்பார். எங்களுள் ஒருவரும் அனுப்பியிருந்தார். அவர் அதை அன்று வகுப்பிலேயே ஒப்புக்கொண்டார். அச்சிறுமியின் கேள்விக்கு 'ஆம்' என்றும் சொல்ல முடியவில்லை, 'இல்லை' என்றும் சொல்ல முடியவில்லை. தீய எண்ணம் கொண்டவனைத் திருத்தும் பாடம் வேறு. நல்ல எண்ணத்தோடு கேடு செய்பவனுக்குச் சொல்ல வேண்டிய பாடம் வேறு. பள்ளிகளின் நீதிபோதனை வகுப்பில் இதுவரை நாம் நடத்திவந்ததெல்லாம் முன்னதே.

இதனைப் பள்ளிக்கூடத்தில் நடத்த முடியுமா என்று ஐயுறுவோர்க்குக் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் விடை சொல்லும். தடுப்பூசி பற்றிய பொய்ச்செய்திகளை நம்பி அங்குப் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தனர். மாவட்ட ஆட்சியர் 2018-இல் 'சத்யமேவ ஜயதே' என்னும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் நாற்பது நிமிட வகுப்பாக அதை நடத்தச் செய்தார். பொய்ச்செய்தி எப்படிப் பிறக்கிறது, ஒரு படம் எப்படித் திரிக்கப்படுகிறது, அனுப்புமுன் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பவையே பாடம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரைத் திருத்துவார்கள் என்பது அத்திட்டத்தின் உட்கிடை. மாதக்கணக்கில் பாடத்திட்டக் குழு கூடவில்லை. ஆசிரியருக்குச் சிறிது பயிற்சியும் அட்டவணையில் ஒரு பாடவேளையும் போதுமாயிருந்தன.

நாங்கள் செய்தது அதனினும் எளிது. அச்சகச் சட்டத்தைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? பிள்ளைகளுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தோம். எந்தச் செய்தியைப் பிறருக்கு அனுப்பினாலும், அது யாரிடமிருந்து வந்தது, உண்மை என்று எப்படித் தெரிந்துகொண்டாய், அதனால் யார் மனம் நோகும் என்று எழுதி, அடியில் தன் பெயரையும் ஊரையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'அச்சிட்டவர் பெயர்' என்றே அந்தக் கட்டத்துக்குப் பிள்ளைகள் பெயர் வைத்துக்கொண்டார்கள். முதல் வாரம் பக்கங்கள் நிறைந்தன. நான்காம் வாரம் பாதிப் பக்கந்தான். அனுப்புவது குறைந்ததா, எழுதுவது குறைந்ததா என்று கேட்டால், இரண்டுந்தான் என்று ஒரு பையன் நேர்மையாகச் சொன்னான். ஆயினும் 'இதில் எப்படிக் கையெழுத்துப் போடுவது' என்று தயங்கி ஒரு செய்தியை விட்டவர்கள் பலர் என்பதை அந்நோட்டுகளே காட்டின. கைப்பேசியை அவர்கள் கையிலேயே வைத்துக்கொண்டுதான் இதைக் கற்றார்கள். பெட்டியில் பூட்டியிருந்தால் இதைக் கற்பித்திருக்க இயலாது.

பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் சொல்லிவிட்டு ஆசிரியர்களாகிய நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறோம். பள்ளியின் பெயர் வேண்டாம். உதவித்தொகைக்கு வங்கிக் கணக்குப் புத்தக நகல் கொண்டுவர வேண்டிய மாணவர்களின் பட்டியலை வகுப்பாசிரியர் அப்படியே படம் எடுத்து, பெற்றோர் அனைவரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பட்டியலில் பெயர், சாதி, ஆதார் எண், கணக்கு எண் எல்லாம் இருந்தன. அவர் கெட்ட மனிதர் அல்லர். கடைசி நாள் நெருங்கிவிட்டது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று செய்தார். மறுநாள் பின்பெஞ்சில் ஒருவன் அப்பட்டியலைப் பார்த்துப் பெயர்களை உரக்கப் படித்தான். அதுவரை தன் சாதி வகுப்பில் யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்த நம் வீட்டுப் பெண் ஒருத்தி மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. நாங்கள் சென்று தலைமையாசிரியரிடம் முறையிட்டோம். அவர் வருந்தி, பட்டியலை நீக்கச் செய்தார். குழுவிலிருந்து நீங்கிற்று, யார் யார் கைப்பேசியில் இறங்கிற்றோ அங்கிருந்து நீங்கவில்லை.

அடுத்த திங்களில் அப்பட்டியலில் இருந்த இரு வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது: 'உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள்' என்று. ஒரு தாய் சொல்லிவிட்டார். கணக்கில் இருந்த நூறுநாள் வேலைக் கூலி போயிற்று. அந்த அழைப்பும் பட்டியலும் தொடர்புடையவை என்று மெய்ப்பிக்க எங்களிடம் சான்று இல்லை. ஆகவே அப்படிச் சொல்லமாட்டோம். ஆனால் தாய்மார்களே, பணம் போனால் உடனே 1930 என்னும் எண்ணுக்குப் பேசுங்கள். நேரம் கடந்தால் மீட்பது அரிது. மாணவரின் சாதியும் வங்கி எண்ணும் பள்ளியின் சொத்து அல்ல, பள்ளியிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயது நிறையாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. அதில் விலக்குகள் உண்டு. சாதிப் பெயரைக் குழுவில் போடாதிருப்பதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை, தமிழாசிரியருக்குத் தெரிந்த அவையடக்கமே போதும்.

இனி, நம் வீட்டுக் குற்றம் ஒன்று. நம் குடியிருப்பிலேயே, ஒரு காதுகுத்து விழாவில், ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை உறவுக்காரப் பையன் ஒருவன் அவளைக் கேளாமல் படம் எடுத்து, திரைப்பாட்டு ஒன்றைச் சேர்த்து ஸ்டேட்டஸில் வைத்தான். விளையாட்டுத்தான். அப்படம் எங்கெங்கோ சுற்றித் திரும்பி வந்தபோது அதோடு சேர்ந்து வந்த சொற்கள் விளையாட்டாக இல்லை. பெற்றோர் அப்பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். படம் எடுத்தவன் மறுநாள் வழக்கம்போல் பள்ளிக்குப் போனான். படத்தில் இருந்தவள் வீட்டில் அமர்ந்தாள். பதினோரு நாள் அந்த வீட்டுத் திண்ணைக்கு நாங்கள் நடந்தோம். "உங்களுக்கென்ன, பாடம் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள், ஊர் வாய்க்கு நாங்களல்லவா பதில் சொல்ல வேண்டும்" என்று அத்தாய் கேட்டார். பன்னிரண்டாம் நாள் அவள் பள்ளிக்கு வந்தாள். இந்த ஆண்டு அவள் செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். வராமலே போனவர்களும் உண்டு. அவர்களை எண்ணித்தான் இதை இங்கே சொல்கிறோம்.

அந்தரங்கப் படத்தை இசைவின்றி எடுப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். சிறார் தொடர்பான பாலியல் குற்றமாயின் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இன்னும் கடுமையானது. இணையத்தில் ஏற்றப்படும் சாதி இழிவுரைக்கும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022-இல் கூறிற்று. இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காவல் நிலையத்தைக் காட்டி அச்சுறுத்துவதைப் பாடமாக்கினால், அகப்படாமல் செய்வது எப்படி என்பதையே பையன்கள் கற்பார்கள். நாங்கள் வேறொன்று செய்தோம். வகுப்பில் இருவர் இருவராக அமரச் செய்து, ஒருவரை ஒருவர் கேட்டு, இசைவு பெற்றபின் படம் எடுக்கவும், 'வேண்டாம்' என்றால் காரணம் கேளாமல் விட்டுவிடவும் பழக்கினோம். 'வேண்டாம்' என்று சொல்லப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க ஆண்பிள்ளைகளுக்கு மேலும் ஒரு வாரம் பிடித்தது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நம் பிள்ளை ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பின், தமிழக அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளி வளாகத்தில் மாணவர் கைப்பேசி பயன்படுத்துவதைத் தடை செய்ய வேண்டும் என்பதும், அறநெறி வகுப்பு நடத்த வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் அடங்கும். சாதிக்கயிறு கையிலிருந்து கைப்பேசித் திரைக்கு ஏறிவிட்ட காலம் இது. வீச்சரிவாளோடு சாதிப் பெருமை பாடும் காணொளிகளை அங்கே காண்கிறோம். அதற்கு மறுமொழி என்று நம் பிள்ளைகள் சிலரும் வசைச் சொற்களோடு காணொளி போடுகிறார்கள். இதை மறைத்துப் பயனில்லை. ஆதலால் பள்ளி நேரத்தில் தடை வேண்டும் என்னும் கருத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. பெரியவருக்கு இந்த அளவுக்கு நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம். ஆனால் மாலை நாலரை மணிக்கு மணி அடித்ததும் அத்தடை வாயிற்கதவோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து இரவு பத்து மணிவரை பிள்ளையோடு இருப்பது அவன் கற்ற அறநெறி மட்டுமே. தடையைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு அந்த வகுப்பைப் பற்றிப் பேசப்படவில்லை என்பதுதான் எங்கள் குறை.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்கிறார்கள். அண்ணல் பிறந்தநாள் கட்டுரைப் போட்டிக்கு வந்தவற்றுள் ஐந்து கட்டுரைகள் ஒரே கட்டுரை. எழுத்துப் பிழைகூட ஒன்றுமில்லை. அதிலேயே எங்களுக்கு ஐயம் பிறந்துவிட்டது! யாரையும் தண்டிக்கவில்லை. 'உன் பாட்டி ஏன் பள்ளிக்குப் போகவில்லை?' என்று தலைப்பை மாற்றி மறுபடி எழுதச் சொன்னோம். இயந்திரத்துக்கு அந்தப் பாட்டியைத் தெரியாது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதிவந்தார்கள். பாட்டியின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்துவந்தவர்களும் உண்டு, அவர் இசைவோடு. அவற்றுள் மூன்றை இம்மலரில் வேறிடத்தில் காணலாம்.

வரும் கல்வியாண்டு முதல் சனிக்கிழமைதோறும் மாலை ஐந்தரை மணிக்கு இவ்வகுப்பை முறையாக நடத்தச் செயற்குழு இசைந்துள்ளது. திங்களில் ஒரு நாள் தாய்மார்களுக்கும் தனி வகுப்பு உண்டு. வாரச்சந்தை நாளில் வேண்டாம் என்று அவர்கள் கேட்டபடி ஞாயிறு பிற்பகல் வைத்துள்ளோம். வகுப்புக்கென்று இப்போது மூன்று கைப்பேசிகள் இருக்கின்றன. ஒன்றன் திரை உடைந்தது. இன்னும் ஐந்தேனும் வேண்டும். பழையவை போதும். கொடுக்குமுன் அதில் உள்ள உங்கள் படங்களையும் எண்களையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். அழிக்கத் தெரியாவிட்டால், மேடைக்கு இடப்புறம் நம் பத்தாம் வகுப்பு மாணவியர் இருவர் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் உங்கள் கண்முன்னே அழித்துத் தருவார்கள்.